காசு மாறல, ஆனா வரி உண்டு!

நீ எனக்கு, நான் உனக்குன்னு செஞ்சுக்கற உதவிக்கும் வரியா? அமெரிக்காவுல 1979-லயே வருமான வரித்துறை இதுக்கு ஒரு விளக்கம் வெளியிட்டுடுச்சு மக்களே. பண்டமாற்று கிளப்புல இருந்த வக்கீல், ஒரு பெயின்டருக்கு சட்ட வேலை பாத்துக் கொடுத்தார். பதிலுக்கு அவர் வக்கீல் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சார். பைசா கைமாறவில்லை. ஆனாலும் கிடைச்ச வேலையோட சந்தை மதிப்பு ரெண்டு பேருக்குமே வருமானம்தானாம்! ஓவியத்தைக் கொடுத்துட்டு ஆறு மாசம் வாடகையில்லாம குடியிருந்த ஓவியருக்கும் வீட்டுக்காரருக்கும் அதே கதைதான். 1982-ல வந்த சட்டம், இந்த மாதிரி கிளப்புகளே கணக்கை வரித்துறைக்கு அனுப்பணும்னு சொல்லிடுச்சு.

அப்ப அக்கம்பக்கத்துப் பெற்றோர் முறைவெச்சுக் குழந்தைகளைப் பாத்துக்கறது? அது இந்தக் கிளப் கணக்குல வராதுன்னு வரித்துறையே சொல்லுது.

எனக்குப் புரிஞ்சது இதுதான்: பிழைப்புக்கான தொழிலைக் கொடுத்து இன்னொண்ணு வாங்கினா, அதுவும் சம்பாத்தியம். சரிதானே?