பீட்டர் ஃபோர்ஸ்பெரி

ஸ்வீடனின் ஐஸ் ஹாக்கி வீரர், நடுக்கள ஆட்டக்காரர். 1973 ஜூலை 20 அன்று ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக் நகரில் பிறந்தார். உள்ளூர் மூடூ அணியில் ஆடத் தொடங்கினார். 1991இல் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகைச் சேர்ந்த ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இளம் வீரர் எரிக் லிண்ட்ராசைப் பெறும் ஆசையில், மறு ஆண்டே பல வீரர்களோடு அவரையும் கியூபெக் நோர்டிக்ஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டது. ஃபிளையர்ஸ் நிர்வாகத்துக்கு அது நஷ்டக் கணக்குதான்.

1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியாட்டம், கனடாவுக்கு எதிராக 2-2 எனச் சமனாகி, தனிநபர் கோல் முயற்சிகளுக்குச் சென்றது. ஃபோர்ஸ்பெரி ஒரு பக்கமாக வளைந்து போனார்; கோல்கீப்பர் கோரி ஹிர்ஷும் அதே பக்கம் சாய்ந்தார். அந்தக் கணத்தில் ஃபோர்ஸ்பெரி ஒற்றைக் கையால் மட்டையை நீட்டி, பக் எனும் தட்டை மறுபுறமாக கோலுக்குள் தள்ளிவிட்டார். ஸ்வீடனுக்குத் தங்கம் கிடைத்தது. உத்தி மூத்த ஸ்வீடன் வீரர் கென்ட் நில்சனுடையது. புகழ் இவருக்குப் போனது. 1995இல் அக்காட்சி ஸ்வீடனில் அஞ்சல்தலையாக வந்தது. தன் உருவம் இடம்பெற ஹிர்ஷ் சம்மதிக்காததால், அதில் கோல்கீப்பரின் சட்டை நீலமாக மாற்றப்பட்டது.

நோர்டிக்ஸ் அணி கொலராடோவுக்கு இடம்பெயர்ந்தபின் 1996, 2001 ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2001 தொடரின் நடுவே மண்ணீரல் அகற்றப்பட்டதால், இறுதிச்சுற்றில் அவர் ஆடவில்லை. 2002-03 பருவத்தில் 106 புள்ளிகளுடன், மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட், அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் விருதுகள் இரண்டையும் பெற்றார். 2006 டூரின் ஒலிம்பிக்கிலும் தங்கம் கிடைத்தது.

பின்னர் வலது பாதம் காலணிக்குள் அடங்க மறுத்தது. அறுவை சிகிச்சைகளும் புதுப்புது ஸ்கேட் காலணிகளும் கைகொடுக்கவில்லை. 708 என்ஹெச்எல் ஆட்டங்களில் 885 புள்ளிகளோடு, 2011 பிப்ரவரியில் ஓய்வுபெற்றார்.