இரும்பின் காதலனும் குடலின் சுவரும்

புனேயின் கடைத்தெருவில் காந்தத்துக்குப் பெயர் 'லோஹசும்பக்'. இரும்பை முத்தமிடுவது என்று பொருள். தமிழின் 'காந்தம்' வடமொழி 'அயஸ்காந்த'த்தின் பின்பாதி. அதற்கு 'இரும்பின் காதலன்' எனப் பொருள் கொள்ளலாம். (சீனரும் அதை அன்புக்கல் என்றே அழைத்தனர்.) இச்சொற்கள் யாவும் காந்தத்தை இரும்பின் அருகே வைத்தே சிந்தித்தவை. இரு காந்தங்கள் ஒன்றையொன்று நாடும்போது நடுவில் அகப்படுவது எது என்னும் வினா அவற்றில் இல்லை.

மருத்துவத்திலும் காந்தம் தொடக்கத்தில் மீட்கும் கருவியே. தசையில் இறுகாததும், கொக்கிமுனை அற்றதும், புண்வாய் அகன்றதுமான இரும்பை அயஸ்காந்தத்தால் வெளியே இழுக்கலாம் என்கிறது சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் (27ஆம் அதிகாரம்).

அந்த உறவு தலைகீழானதற்குக் காரணம் 1980களில் உருவான நியோடிமியம் காந்தம். ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டது. பழைய ஃபெரைட்டைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் உடையது. புனே அயூக்கா வளாகத்தில் அரவிந்த் குப்தா சிறுவர்களுக்குப் பென்சிலை மிதக்கவைத்துக் காட்டிய வளையக் காந்தங்களையும், இன்று விற்கும் மிளகளவு உருண்டைகளையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். என் பார்வையில் ஆபத்தின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது.

ஓர் உருண்டை பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். சற்று இடைவெளியில் விழுங்கிய இரண்டோ, குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று, சுவர்களை ஊடுருவி ஈர்த்துக்கொள்ளும். இடையில் நசுங்கிய திசு இரத்தமின்றி அழுகித் துளைபடும். வெளியே தெரிவது வாந்தியும் வயிற்றுவலியும் மட்டுமே. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றாகத் தோன்றக்கூடும். ஆகவே, ஐயம் எழுந்தவுடன், வலிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2009இல் அமெரிக்காவில் அறிமுகமான 'பக்கிபால்ஸ்' உருண்டைகள் மேல் 2012இல் அரசு நடவடிக்கை எடுத்தது. விழுங்கும் அளவிலான காந்தங்கள் வலுக்குன்றியிருக்க வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு விதியை 2016இல் நீதிமன்றம் நீக்கியது. 2022இல் புதிய விதி வந்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 தரம் கட்டாயம். ஆனால் அவ்வாணை 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கே உரியது. பெட்டியின்மேல் 'பெரியோரின் மேசை அலங்காரம்' என்று அச்சிட்டால், அதே உருண்டை பொம்மை என்ற சொல்லுக்குள் வராமல் நழுவ இடமுண்டு.