வெளியாள் சோதித்த கதை

ஆகஸ்ட் 31-ம் தேதி ஆறு மாத டெபாசிட் போட்டால் எப்போது முதிரும்? பிப்ரவரியில் 31 கிடையாது. 28-ஆ, மார்ச் 1-ஆ? அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால், மறுநாள் பணம் வாங்குகிறவருக்கு அந்த ஒரு நாளுக்கும் வட்டி உண்டா? மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி அதில் சேருமா?

கிளையில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. புரோகிராம் எழுதும் இளைஞருக்கோ கேள்வியே தோன்றாது. தோன்றாத கேள்விக்கு அவர் எழுதிய கோடில் பதில் இருக்காது. அவரே எழுதும் டெஸ்ட் கேஸிலும் அந்தக் கேள்வி இருக்காது. மென்பொருளைச் சோதிக்க வெளியாளைக் கூப்பிடும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

முதல் காலத்தில் எழுதியவரேதான் சோதித்தார். 1958-ல் அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்துக்காகத் தனிச் சோதனைக் குழு ஒன்றை அமைத்ததாக ஜெரால்ட் வைன்பர்க் பதிவு செய்திருக்கிறார். 1979-ல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ், மென்பொருள் சோதனை பற்றிய தன் புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்: எழுதியவர் தன் புரோகிராமைத் தானே சோதிக்கக் கூடாது; ஒரு நிறுவனமும் தான் எழுதியதைத் தானே சோதிக்கக் கூடாது. திறமைக் குறைவை அவர் காரணமாகச் சொல்லவில்லை. கட்டிய மனது, கட்டியது நிற்பதையே பார்க்க விரும்பும். விழ வைக்க வேண்டுமென்று வருகிற மனது வேறு.

மும்பையில் இதற்கான களம் வெகு காலமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. 1968-ல் இங்கே தொடங்கிய டி.சி.எஸ். ஆரம்பத்தில் செய்த வேலைகளில் ஒன்று, சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவின் கிளைகளுக்கு இடையிலான கணக்குகளை ஒத்துப் பார்ப்பது. 1984-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, வங்கிகளில் கணினியைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. மறு வருடமே சிட்டி வங்கிக் குழுமம் தனக்கென ஒரு மென்பொருள் நிறுவனத்தை மும்பையில் தொடங்கியது. பிற்பாடு ஐ-ஃப்ளெக்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் வேர் அதில்தான்.

அப்புறம் வந்தது ஒய்-டூ-கே. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள் 2000-ல் என்ன செய்யும் என்று உலகமே பதறியது. திருத்துவதைவிடத் திருத்தியதைச் சோதிப்பதுதான் பெரிய வேலை என்பது அப்போதுதான் நிர்வாகங்களுக்கு உறைத்தது. 1998-ல் சென்னையில் திங்க்சாஃப்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. அது மென்பொருள் எழுதவில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வாங்கும் மென்பொருளைச் சோதித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். வங்கி வேலையை உள்ளிருந்து தெரிந்தவர்கள் தொடங்கியது. அதன் பலமே அதுதான். 2009-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2014-ல் ஜெர்மனியின் எஸ்.க்யூ.எஸ். அதை வாங்கியது. சோதனை என்பது தனித் தொழிலாகப் பிழைக்கும் என்பதை நம் ஊர்க்காரர்கள் காட்டிவிட்டார்கள்.

நிறுவனத்துக்குள்ளேயே டெஸ்டர்கள் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் காசு? கோ-லைவ் தேதி குறித்தாகிவிட்டது, விளம்பரம் போயாகிவிட்டது, மேலதிகாரியின் பதவி உயர்வு அதில் தொங்குகிறது. அந்த நேரத்தில் ‘இன்னும் ஆகவில்லை’ என்று உள்ளே இருப்பவர் சொல்வது கஷ்டம். வெளியாளுக்கு அந்தப் பதவி உயர்வோடு சம்பந்தமில்லை. நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்குவது முக்கியமாக இந்தச் சுதந்திரத்தைத்தான் என்பது என் எண்ணம். ஆட்டோமேஷன், புதிய டூல்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

தானாக அழைக்காவிட்டால் அழைக்க வைப்பார்கள் என்பதும் மும்பையிலேயே நடந்தது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2018 நவம்பரில் வெளியிட்ட புதிய மொபைல் ஆப், கூட்டம் தாங்காமல் முடங்கியது; பழையதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த இரண்டு வருடங்களிலும் தடங்கல்கள். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் வெளியீடுகளையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையும் நிறுத்தச் சொன்னது. 2021 பிப்ரவரியில், வங்கியின் ஐ.டி. கட்டமைப்பு முழுவதையும் தணிக்கை செய்ய வெளி நிறுவனம் ஒன்றை ரிசர்வ் வங்கியே நியமித்தது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் புதிய மென்பொருளுக்கு மாறியபோது லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றை மட்டும் வைத்துச் சுமை சோதனை செய்திருந்தது விசாரணையில் தெரிந்தது. கட்டிக் கொடுத்த நிறுவனம் ‘தயார்’ என்று எழுதிய கடிதத்தை வங்கி பெரிதும் நம்பியிருந்தது.

ஆனால் வெளியாள் என்றாலே கண் திறந்துவிடாது. தாராவி 90 அடி ரோட்டுத் தமிழர் ஒருவர் கணக்குத் திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ‘சர்நேம்’ கட்டாயம். அவருக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. ஓர் எழுத்தை மட்டும் போட்டால் சிஸ்டம் ஏற்காது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் ஆதாரில் இருப்பதோடு ஒத்துப்போகாது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்த தமிழ் டெஸ்டர் முதல் நாளே இதை டிஃபெக்டாகப் பதிவு செய்வார். மற்றவருக்கு அது கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும், எழுதியவர்கள் அதன் தீவிரம் ‘லோ’ என்று தள்ளிவைக்கப் பார்ப்பார்கள்.

அதனால் வெளியாளை அமர்த்துகிற நிறுவனம் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை எழுதியே ஆகவேண்டும். டிஃபெக்டின் தீவிரத்தை முடிவு செய்வது சோதித்தவர், எழுதியவர் இல்லை. அறிக்கை போக வேண்டியது இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்கு, புராஜெக்ட் மேனேஜருக்கு அது நகலாகப் போனால் போதும்.