சிசு மரண விகிதம்னா என்ன? குடிநீர் குழாய்க்கும் தொட்டிலுக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடி மாநகராட்சியை ஒட்டி இருக்கும் ஊர் மாப்பிள்ளையூரணி. ஊரணி என்றால் ஊர் மக்கள் தண்ணீர் எடுக்கும் குளம். குழாய் வராத காலத்தில் ஊரணியும் கிணறும்தான் குடிநீருக்கு வழி. அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவும். உடம்பில் நீர்ச்சத்து சட்டென வற்றிவிடும் என்பதால் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

சிசு மரண விகிதம்னா என்ன?

ஓர் ஆண்டில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு, ஒரு வயது முடிவதற்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை. ஓர் ஊரின் சுகாதாரம் எப்படி இருக்குன்னு சொல்லும் முக்கியமான கணக்கு இது.

அன்று என்ன பிரச்சினை?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. சுத்தம் செய்யாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால் பச்சிளம் குழந்தைகளுக்கு ஜன்னி வந்தது. பெரியம்மை, மலேரியா, அசுத்தமான தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொண்டன.

மாற்றம் எப்படி வந்தது?

சென்னையில் 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் மூலம் வடிகட்டிய குடிநீர் கிடைத்தது. தூத்துக்குடியில் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டில் இருந்து தாமிரபரணி தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தார். 1927-இல் நிறைவேறிய அந்தத் திட்டத்துக்காக இன்றும் அவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்து வந்தது 1939-ஆம் ஆண்டு சென்னை பொது சுகாதாரச் சட்டம். குடிநீர், கழிவுநீர் வடிகால் ஆகியவற்றோடு தாய்-சேய் நலத்துக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. தமிழ்நாட்டில் இன்றும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிறகு தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம், மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் பரவலாகின.

இப்போ நிலைமை என்ன?

மாதிரிப் பதிவு முறை கணக்குப்படி, தமிழ்நாட்டில் 1971-இல் 113 ஆக இருந்த விகிதம் 2020-இல் 13 ஆகக் குறைந்தது. அதே 2020-இல் தேசிய சராசரி 28. அதாவது, ஆயிரத்துக்கு 100 குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கின்றன.

ஆனா, 13 என்பதும் 13 வீடுகளின் துயரம்தான். இன்றைய சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் 28 நாள்களுக்குள் நடக்கிறது. குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு, மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவை முக்கியக் காரணங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கினால், உடம்பு சில்லிட்டால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள்.