பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானைக்கு 330 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பும் சென்னையும் ஏறக்குறையச் சமதூரம். திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர்தான். தூரம் மாறவில்லை. அதைக் கடக்க எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு மட்டும் காலத்துக்குக் காலம் வேறு வேறு விடைகள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் பலாலி. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்கள் முன்னர், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் தனது முதலாவது சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் புறப்பட்ட டக்கோட்டா விமானம், காங்கேசன்துறை என்று குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. தேசிய விமான சேவையின் முதற் பயணமே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் சென்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மணிக்கு 300 கிலோமீற்றரை எட்டாத வேகத்தில், பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றிருக்கும்.

பின்னர் போர் வந்தது. பலாலி படைத்தளமாயிற்று. 1987இல் இந்திய அமைதிப்படையினரை ஏற்றிய விமானங்கள் அங்கு வந்திறங்கின. பயணிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. 1990இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவரின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். ஏ9 வீதி மூடியிருந்தது. கப்பலுக்குப் பெயர் பதிந்து காத்திருந்து, திருகோணமலையில் இறங்கி, பேருந்தில் கொழும்பு சேர்ந்து, கட்டுநாயக்காவிலிருந்து 650 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். கட்டுநாயக்காவையும் சென்னையையும் இணைத்து நேர்கோடு வரைந்தால் அது யாழ்ப்பாண நகரின் மேலாகவே செல்கிறது! தன் ஊரைத் தாண்டிப் போவதற்கு முதலில் நாட்டின் மறுகரைக்கு இறங்கி வர வேண்டியிருந்தது. நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் சென்ற பயணம் அது.

கப்பலைத் தவிர்க்க விரும்பியோருக்குப் பலாலி–இரத்மலானை தனியார் விமான சேவை இருந்தது. அதுவும் ஆபத்தில்லாததன்று. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியதாகக் கருதப்படுகிறது. போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின், 2012இல்தான் சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்டன. ஒரு மணித்தியாலப் பறப்பின் முடிவை அறிய உறவினர்கள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தனர்.

2009இல் போர் ஓய்ந்த பின்னும் சென்னை வழி உடனே திறக்கவில்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாயிற்று; நவம்பர் 11ஆம் திகதி சென்னைச் சேவை தொடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. அதில் பறந்த ஏரிஆர் விமானத்துக்குக் குறிக்கப்பட்ட நேரமும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான்.