பழைய காரும் அதன் பிறப்புரிமையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையூராக விளங்குவது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைத் தாண்டினால் தமிழ்நாடு தொடங்கிவிடும். பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரில் குடியேறிய தமிழர்க்கு இவ்வெல்லை ஒரு வாசற்படியைப் போன்றது. காலையில் சென்று மாலையில் திரும்பலாம். ஆனால் ஒரு மோட்டார் வண்டி இவ்வெல்லையைக் கடந்து நிலையாகக் குடியேறுவது அத்துணை எளிதன்று. அதிலும் அது அரை நூற்றாண்டு கண்ட பழைய காராயின், வண்டியோடு ஒரு வரலாறும் உடன் வருகின்றது. அவ்வரலாறு மெய்யானதுதானா என்பதை விலை பேசுமுன் அறிந்துகொள்வது எவ்வாறு?

முதற்கண் நம் நாட்டுக் கார்த்தொழிலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1926-இல் ஃபோர்டு நிறுவனமும், 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் இந்தியாவில் காலூன்றி, வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றன. முழு உற்பத்தித் திட்டம் இல்லாதவர்கள் இத்தொழிலில் நீடிக்கலாகாது என்று 1953-இல் அரசினர் முடிவு செய்தபின் இவ்விரு நிறுவனங்களும் விலகிக்கொண்டன. அதன் பின்னர்க் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆகிய மூன்றுமே நெடுங்காலம் நம் மக்களுக்குக் கார்களை அளித்து வந்தன.

இந்தச் சரித்திரம் வாங்குபவருக்கு ஓர் உரைகல். வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தொடக்கத்தில் இரண்டே கதவுகள் கொண்டது. நான்கு கதவுகள் கொண்ட வகை 1960-களின் பிற்பகுதியில்தான் வெளிவந்தது. ஆகவே, "இது 1962-ஆம் ஆண்டு வண்டி" என்று கூறி ஒருவர் நான்கு கதவு ஹெரால்டைக் காட்டுவாராயின், ஆண்டோ உடலோ இரண்டில் ஒன்று பிழைபட்டிருத்தல் வேண்டும். பிரீமியர் பத்மினி என்ற பெயரும் 1974-இல்தான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்டிகளை ஃபியட் என்றே மக்கள் அறிந்திருந்தனர். பெயர்த்தகடு பிற்காலத்ததாயின், அது எப்பொழுது, எதற்காகப் பொருத்தப்பட்டது என்று கேட்பது நம் கடமை.

பதிவெண்ணும் ஒரு சாட்சியே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாநில வண்டிகள் எம்.எஸ்., எம்.டி. முதலிய எழுத்துகளையும், மைசூர் மாநில வண்டிகள் எம்.ஒய். என்ற எழுத்துகளையும் முன்னே கொண்டிருந்தன. 1973-இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறிய பின்னரே சி.ஏ. எழுத்துகள் அங்கே வழங்கலாயின. கே.ஏ. என்பது 1989-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிறந்தது. இதனால் நாம் அறிவது யாது? 1965-ஆம் ஆண்டு வண்டி சி.ஏ. எண் தாங்கி நின்றால், அது பின்னாளில் மறுபதிவு பெற்றது என்பது தெளிவு. மறுபதிவு குற்றமன்று, ஆனால் முந்திய எண் யாது, எந்த ஊரில் இருந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும்.

அடுத்து, வண்டியையே நேரில் ஆராய்தல் வேண்டும். சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்களின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்களுடன் ஒப்பிடுக. எண்ணைச் சுற்றி அரம் பட்ட தடமோ புதிய பற்றவைப்போ தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுதல் நலம். திருடப்பட்ட வண்டிக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும், விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வாராது என்பது 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை.

பளபளக்கும் வண்ணம் கண்டு மயங்கலாகாது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை உடல் நெடுகிலும் நகர்த்திப் பார்த்தால், இரும்பு அரித்த இடங்களைப் பூச்சுமாவால் மூடிய இடத்தில் அது பிடிப்பின்றி நழுவும். மிதியடியை எடுத்துத் தரைத்தகட்டையும், வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தையும் காண்க. ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு; அம்பாசடரிலோ உடலே சட்டகம். ஆதலால் அம்பாசடரின் அடித்தகட்டில் துரு ஏறினால் வண்டியின் வலிமையே குன்றிவிடும். எஞ்சின் ஓடும்போது நீலப்புகை விடாது எழுந்தால் எண்ணெய் எரிகின்றது என்று பொருள். சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாமல், தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், தலைப்பாகத்தில் கசிவு இருக்கலாம்.

பாகங்கள் மாறினால் வண்டியின் மெய்ம்மை போய்விடுமா என்ற வினா இங்கே எழுகின்றது. 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் இதனை ஆராய நேர்ந்தது. பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற பெண்ட்லி காரை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம், அதன் பழம்பாகங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன என்று கூறிப் பின்வாங்கியது. ஆயினும் இடையறாத வரலாறு உடைமையால் அதுவே அந்த மெய்யான வண்டி என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பாகம் மாறுவது ஏமாற்றன்று. மாறியதை மறைப்பதே ஏமாற்று என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

நம் நாட்டு விதி சற்றுக் கண்டிப்பானது. 2021-இல் வெளியான மத்திய மோட்டார் வண்டி விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்ததும், பழைய உருவம் பெரிதும் மாறாததுமான வண்டியே தொன்மை வண்டி என்ற தனிப்பதிவு பெறும். அதனை அன்றாடப் போக்குவரத்திற்கோ வாணிகத்திற்கோ பயன்படுத்தலாகாது. ஆகவே, பழங்கார் என்ற பெயருக்காக மிகுவிலை கேட்பவரிடம், உருவமும் ஆவணமும் இவ்விதிக்குப் பொருந்துமா என்று வினவுதல் நமது உரிமை.

தமிழ்நாட்டில் வாங்கும் வண்டியைக் கர்நாடகத்திலேயே வைத்திருக்க எண்ணுவோர், பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றையும் உரிமை மாற்றத் தாள்களையும் பெற்ற பின்னரே முழுத்தொகையையும் கொடுத்தல் வேண்டும். 12 திங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். தாய்நாட்டு நினைவாக ஒரு பழைய ஹெரால்டை நாம் விரும்புவது இயல்பே. அதன் தாள்கள் செம்மையாக இருப்பின், அத்திபெலே எல்லையை அது நம்மைப்போலவே தலைநிமிர்ந்து கடக்கும்.