ஏப்ரல் 14: கில்லியன் வெல்ச்சின் இருபாதிப் பாடலும் புளூஸ் கதைப்பாடல் மரபும்

ரிச்சர்ட் பீட்டர்சனின் ‘கிரியேட்டிங் கன்ட்ரி மியூசிக்’ 1997இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எந்த அமெரிக்கப் பாடகரையும் மண்ணின் அசல் குரல் என்று யோசிக்காமல் எழுதிவிட முடிவதில்லை. 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் செய்த ஒலிப்பதிவில் தொடங்கி, 1953இல் ஹேங்க் வில்லியம்ஸின் மறைவு வரை முப்பதாண்டு வரலாற்றை அந்நூல் எழுதுகிறது. அதன் மையக் கருத்து எளியது. ஒரு பாடகர் அசலானவர் என்பது அவர் பிறப்போடு வருவதில்லை; பாடகரும் தயாரிப்பாளரும் வானொலியும் கேட்பவர்களும் சேர்ந்து காலத்துக்குக் காலம் ஒப்புக்கொள்வது அது. கிழவனார் வேடம், மலைநாட்டான் வேடம், கௌபாய் வேடம் எனச் சந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றங்களைச் சமைத்ததை அவர் நிறுவும் விதம் இன்றும் மறுக்க முடியாதது.

என் மறுப்பு அந்த முப்பதாண்டு வரலாற்றைப் பற்றியதன்று. அதிலிருந்து உருவான அளவுகோலை, 1990களுக்குப் பின் வந்த அமெரிக்கானா பாடகர்கள்மீது அப்படியே வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியது. பேச்சு வழக்கு, குரல் நடை, பாடுபொருள், பிறந்த இடம், உடை, மேடை நடத்தை ஆகியவை பீட்டர்சன் பாடகரை எடைபோடும் குறிகள். இவற்றில் பெரும்பாலானவை பாடகரைப் பற்றியவை. பாடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ஒரு நிகழ்ச்சியை எந்த வரிசையில் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. வரலாறு அதிகம் தங்கியிருப்பதோ அங்கேதான்.

கில்லியன் வெல்ச் இதற்குத் தக்க சான்று. 1967இல் நியூயார்க்கில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்று, 1992இல் நாஷ்வில் சென்றவர். வளர்த்த பெற்றோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுதியவர்கள். 1996இல் ‘ரிவைவல்’ தொகுப்பு வந்தபோதே, தான் வாழாத அப்பலாச்சிய மலை வாழ்வை இவர் எப்படிப் பாடலாம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். பீட்டர்சனின் சட்டகம் இதற்கு ஆயத்தமான விடையை வைத்திருக்கிறது: இதுவும் ஒரு வேடம், முந்தையவற்றைவிட நேர்த்தியான வேடம். பழைய பாணி உடையும் பழுப்பேறிய புகைப்படமும் இந்த விடைக்குத் துணை நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2001இல் வந்த ‘டைம் (தி ரெவலேட்டர்)’ தொகுப்பிலுள்ள ஒரு பாடலின் முன் இந்த விடை போதாததாகிவிடுகிறது.

நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ பி-யில் பெரும்பகுதி பதிவான அத்தொகுப்பில் ஐந்தாவது பாடல் ‘ஏப்ரல் தி ஃபோர்டீன்த் பார்ட் 1’. எட்டாவது பாடல் ‘ரூயினேஷன் டே பார்ட் 2’. இரண்டும் ஒரே பொருளின் இரு பாதிகள். முதல் பாதி ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. இரண்டாவது அதில் ஏறக்குறைய பாதிதான். இரண்டிலும் வருபவை மூன்று பேரிடர்கள். 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 1935 ஏப்ரல் 14 அன்று ஓக்லஹோமா, டெக்சஸ் சமவெளிகளைக் கருப்பு ஞாயிறு எனப்படும் புழுதிப்புயல் மூடியது. முதல் பாதியில் இவற்றோடு நான்காவதாக ஒரு சிறு காட்சி: ஐடஹோவிலிருந்து வேனில் வந்த ஒரு ராக் குழு, இரண்டு டாலர் நுழைவுக் கட்டணம், பெட்ரோல் காசுகூடத் தேறாத இரவு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் தன்மையில் பேசுகிறார்.

நாள்களைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். லிங்கன் இறந்தது 15ஆம் நாள் காலை. டைட்டானிக் மூழ்கியதும் 15ஆம் நாள் அதிகாலை 2.20க்கு. பாடல் முடிவைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடி விழுந்த கணத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அடி விழுந்தபோதே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான் பாடலின் உள்ளோட்டம். கதையை வரிசையாகச் சொல்லும் ஆர்வம் அதற்கு இல்லை. கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டு, அதன் பொருளை மட்டும் தொட்டுச் செல்கிறது.

இந்தச் சொல்முறைக்கு நாட்டார் வழக்காற்றியலில் பெயர் உண்டு. மால்கம் லாஸ் 1950இல் அமெரிக்கக் கதைப்பாடல்களை வகைப்படுத்தியபோது, நிகழ்ச்சியைக் கதையாக எடுத்துரைப்பதையே முதன்மை அடையாளமாகக் கொண்டார். டி. கே. வில்கஸ் அந்த அடையாளத்துக்குள் அடங்காத ஒரு பெரும் கூட்டத்தைக் கண்டார். நிகழ்ச்சியைக் கூறாமல் அதைக் கொண்டாடும், புலம்பும், முன்பின்னாகக் கலைத்துப்போடும் பாடல்கள் அவை. அவற்றுக்கு அவர் தந்த பெயர் புளூஸ் கதைப்பாடல். கறுப்பின, வெள்ளைப் பாடகர்கள் இருசாராரும் கையாண்ட வடிவம் இது. ஆனால் அதன் பெரும்படைப்புகள் கறுப்பினத் தொழிலாளர், தெருப்பாடகர் வாயிலாகவே வந்தவை. வெல்ச்சின் இருபாதிப் பாடல் இந்த வகைக்கு ஏறக்குறைய முழுமையான எடுத்துக்காட்டு.

இங்கே ஒரு சிக்கல். பாடலில் கேசி ஜோன்ஸ் பெயர் வருகிறது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் எஞ்சின் ஓட்டுநரான அவர் மிசிசிப்பியின் வான் ஊரில் விபத்தில் இறந்தது 1900 ஏப்ரல் 30. நாள் கணக்கின்மேல் கட்டப்பட்ட பாடலில் இந்த ஒரு பெயர் மட்டும் கணக்குக்குள் அடங்கவில்லை. வரிகளின் இயைபுக்காக வந்த பெயர் என்று தள்ளிவிடலாம். ஒலியளவில் இயைபு பொருந்துவதும் உண்மைதான். ஆயினும் அந்தப் பெயருக்கு நேர்முன்னே நிற்பது இன்னொரு பாடலின் தலைப்பு: பிளைண்ட் வில்லி ஜான்சன் 1929இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவுசெய்த டைட்டானிக் பாடலான ‘காட் மூவ்ஸ் ஆன் தி வாட்டர்’. ஆகவே அருகருகே நிற்பவை ஒரு கப்பலும் ஒரு ரயிலும் அல்ல, இரண்டு பாடல்கள். நாள்காட்டியிலிருந்து பாடல் இங்கே இசைத்தட்டுகளின் உலகுக்குள் கால் வைத்துவிடுகிறது.

எந்த இசைத்தட்டுகள்? 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் வெளியிட்ட ‘ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்’கில் 84 பதிவுகள் உள்ளன. அதன் கதைப்பாடல் பகுதியின் இறுதிக் கட்டத்தை வரிசையாகக் கேட்டால் கிடைப்பது இது: மெக்கின்லி சுடப்பட்டதைப் பாடும் சார்லி பூலின் ‘ஒயிட் ஹவுஸ் புளூஸ்’, மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் ‘ஃபிராங்கி’, வில்லியம், வெர்சி ஸ்மித் இணையரின் டைட்டானிக் பாடல், கார்ட்டர் குடும்பத்தின் ‘எஞ்சின் 143’, ஃபர்ரி லூயிஸின் ‘கேசி ஜோன்ஸ்’, அதன்பின் குத்தகை விவசாயி, பருத்திக் காய் வண்டு, பாழான நிலம் ஆகியவற்றைப் பற்றிய மூன்று பாடல்கள். சுடப்பட்ட அதிபர், மூழ்கிய கப்பல், நொறுங்கிய ரயில், நிலமிழந்த உழவர். வெல்ச்சின் பாடலில் லிங்கன், டைட்டானிக், கேசி ஜோன்ஸ், ஊர்விட்டு ஓடும் ஓக்லஹோமா உழவர்கள். நாள் கணக்குக்குப் பொருந்தாத கேசி ஜோன்ஸ் இந்த வரிசைக்குள் அச்சாகப் பொருந்துகிறார்.

ஃபர்ரி லூயிஸின் பதிவைத் தனித்துக் கேட்பது தகும். 1928 ஆகஸ்டில் மெம்ஃபிஸில் பதிவானது. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால், பாடல் ‘பார்ட் 1’, ‘பார்ட் 2’ என இரு பக்கங்களில் வெளிவந்தது. ரயிலில் தொடங்கும் பாடல் சிறிது நேரத்தில் ரயிலை விட்டுவிடுகிறது. பாடுபவர் தன்மையில் தன் வாழ்க்கைக்குள் இறங்கி, ஊர்த் தொல்லைகளைச் சொல்லத் தொடங்குகிறார். பேரிடரைப் பாட வந்தவர் தன் அற்பத் தோல்வியையும் அதே மூச்சில் சேர்ப்பது இங்கே குறையாகவில்லை, முறையாகவே இருக்கிறது. ஐடஹோ வேனும் இரண்டு டாலர் கச்சேரியும் வெல்ச்சின் பாடலில் செய்வது இதையேதான்.

குறுந்தட்டுக்கு மூன்று நிமிட எல்லை கிடையாது. அதே தொகுப்பின் கடைசிப் பாடல் பதினான்கு நிமிடத்தைத் தாண்டுகிறது. அப்படியிருக்க ஒரு பாடலை இரண்டு பாகமாக முறிக்க வேண்டிய தேவை தொழில்நுட்பத்தால் வந்ததன்று. இந்த முறிப்பைப் பழைய இசைத்தட்டு வடிவத்தின் எதிரொலியாகவே கேட்கிறேன். எதிர்வாதம் உண்டு: வூடி கத்ரி 1940இல் பதிவுசெய்த ‘டஸ்ட் பௌல் பாலட்ஸ்’ தொகுப்பிலும் ‘டாம் ஜோட்’ இரு பாகமாக வந்தது, அதே தொகுப்பிலுள்ள புழுதிப்புயல் பாடல் ஏப்ரல் 14 என்ற நாளைச் சொல்லியே தொடங்குகிறது. ஆகவே மூலம் கத்ரியாக இருக்கலாம், லூயிஸாக இருக்கலாம், இருவருமாகவும் இருக்கலாம். நாளைப் பொறுத்தவரை கத்ரியின் பங்கு ஐயத்துக்கு இடமற்றது என்றே கருதுகிறேன். சொல்முறையைப் பொறுத்தவரை லூயிஸின் பக்கமே எடை அதிகம். கத்ரி கதையை ஒழுங்காக, வரிசையாகச் சொல்பவர். லூயிஸ் கலைத்துப் போடுபவர்.

இரு பாதிகளுக்கும் நடுவே இரண்டு பாடல்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று ‘எல்விஸ் பிரெஸ்லி புளூஸ்’. எல்விஸின் மரணத்தை நினைக்கும் அப்பாடல் ஜான் ஹென்றியை அழைக்கிறது: நீராவித் துளைப்பானை வென்று உயிர்விட்ட கறுப்பினத் தொழிலாளி. ஸ்மித் தொகுத்த கதைப்பாடல் பகுதியிலும் ஜான் ஹென்றி இருக்கிறார். லாஸின் அட்டவணையில் கேசி ஜோன்ஸ் ‘ஜி 1’, விபத்துப் பாடல்களின் தலைப்பில். ஜான் ஹென்றி ‘ஐ 1’, கறுப்பினத்தவர் பாடல்களுக்கென ஒதுக்கிய தலைப்பில். மற்ற பிரிவுகள் பாடுபொருளால் ஆனவை. இது மட்டும் பாடியவரின் இனத்தால் ஆனது. உடன்பிறப்புகளான இரண்டு ரயில்பாதைப் பாடல்களை அட்டவணை பிரித்தது. வெல்ச்சின் தொகுப்பு சேர்த்துவைக்கிறது.

ஜான் ஹென்றியின் காலத்தை யாரும் முடிவாக நிறுவியதில்லை. 1870களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் சுரங்கம் என்றனர் கை ஜான்சனும் லூயி சாப்பெலும். வர்ஜீனியாவின் லூயிஸ் சுரங்கம் என்றார் ஸ்காட் நெல்சன். அலபாமா, 1887 என்றார் ஜான் கார்ஸ்ட். கேசி ஜோன்ஸ் பாடலின் காலமும் துல்லியமாக இல்லை. மிசிசிப்பியின் கேன்டனில் எஞ்சின் துடைக்கும் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி வாலஸ் சாண்டர்ஸ்தான் அதை முதலில் கட்டியவர் என்பது வழிவழிச் செய்தி. 1900க்கும் அச்சேறிய 1909க்கும் இடையே எப்போது, எத்தனை வாய் மாறியது என்பதை இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு சொல்ல இயலாது.

பீட்டர்சன் தரப்பிலிருந்து ஒரு வலுவான மறுமொழியை எதிர்பார்க்கலாம். ஸ்மித்தின் தொகுப்பே ஒரு தனிமனிதரின் தேர்வு, சமைக்கப்பட்ட பழமை. அதைப் பின்பற்றுவதும் வேடம் கட்டுவதன் இன்னொரு வகைதானே? தேர்வு என்பதை ஏற்கிறேன். ஆனால் வேடத்தை ஒரு புகைப்படத்தில் கட்டிவிடலாம். சொல்முறையைக் கட்டப் பாடலை உள்ளிருந்து கற்றாக வேண்டும். ஒரு நிகழ்ச்சியை எங்கே முறிப்பது, எந்தப் பெயரை விளக்கமின்றி விடுவது, தன்னை எப்போது உள்ளே நுழைப்பது என்பதெல்லாம் கைமாறி வரும் தொழிலறிவு. பிறந்த ஊரைக் கேட்டு அதை அளக்க முடியாது. மலைநாட்டில் பிறந்தவருக்கு அது வாய்க்காமலும் போகலாம்.

இந்த வழியில் பார்த்தால் இன்றைய பாடகர்களிடையே உள்ள வேறுபாடுகளும் தெளிவாகின்றன. அனாயிஸ் மிட்செலும் ஜெஃபர்சன் ஹேமரும் 2013இல் வெளியிட்ட ‘சைல்ட் பாலட்ஸ்’ பிரித்தானியக் கதைப்பாடல்களை முதலிலிருந்து முடிவுவரை வரிசை குலையாமல் சொல்கிறது. ரியானன் கிடன்ஸ் 2017இல் பாடிய ‘ஜூலி’ ஓர் எசமானிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் நடக்கும் உரையாடலாலேயே கட்டப்பட்டது. வெல்ச்சும் அவருடைய இணையான டேவிட் ராலிங்ஸும் எடுத்த வழி மூன்றாவது. கடைகளிலும் விருதுப் பட்டியல்களிலும் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. வரலாற்றில் மூன்றுக்கும் வெவ்வேறு வேர்கள்.

வேரைப் பாடகரின் பிறப்பில் தேடும் ஆய்வு, வெல்ச் மலைப்பெண்ணா நகரப்பெண்ணா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியில் இரு தரப்பாகவும் நிற்பவர்கள் வெள்ளையர்கள்தாம். ஃபர்ரி லூயிஸும் பிளைண்ட் வில்லி ஜான்சனும் அதில் வர வழியே இல்லை. 1909இல் கேசி ஜோன்ஸ் பாடல் அச்சில் வந்தபோது அதில் இருந்த பெயர்கள் சீபர்ட், நியூட்டன் என்ற இருவருடையவை. வாலஸ் சாண்டர்ஸ் பெயர் இல்லை. யார் யாரை அசல் என்று நம்பவைத்தார்கள் என்று பீட்டர்சன் கேட்டது தேவையான கேள்விதான். சொல்லும் முறையை யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். அப்போதுதான் சாண்டர்ஸின் பெயருக்கு இந்த வரலாற்றில் இடம் கிடைக்கும்.